தொண்டர் படையின் சேவைக் கணக்கு

ஒரு மனிதன் தன் உழைப்பு நாட்களைக் கொடுத்து முடித்த பின்னர், முதுமையில் அவனுக்கு மாதந்தோறும் கிடைக்கும் தொகைக்கு நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயரிட்டார்கள். இப்பெயரையே முதலில் ஆராய வேண்டும். உபகாரம் என்பது கொடுப்பவனுக்கு மனமிருந்தால் கொடுப்பது. மனம் மாறினால் நிறுத்திக் கொள்வது. வாங்குகிறவன் கைகட்டி நன்றி சொல்லலாமேயன்றிக் கணக்குக் கேட்கலாகாது. சம்பளமோ வேலைக்கு ஈடாகப் பெறும் கூலி. உபகாரமாயின் அது சம்பளமாகாது. சம்பளமாயின் அது உபகாரமாகாது. இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவைத்ததில், ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் நன்கு விளங்குகிறது.

இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு 1982-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி, நகரா என்பார் தொடுத்த வழக்கில் இம்முடிச்சை அவிழ்த்தது. ஓய்வூதியம் எஜமானனின் கருணையைப் பொறுத்த தானமன்று, செய்து முடித்த சேவைக்காக வந்து சேர வேண்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டில் ஓய்வு பெற்றோர் இன்றும் டிசம்பர் 17-ஐத் தங்கள் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

உரிமை என்றாகிவிட்டது, நல்லது. ஆனால் அந்த உரிமை எங்கே குடியிருக்கிறது? மனிதனுடைய தழும்பேறிய கையிலா? தோழர்களுடைய நினைவிலா? இல்லை. ஏதோ ஒரு காரியாலயத்தின் அலமாரியில் கிடக்கும் ஏட்டில் குடியிருக்கிறது. அந்த ஏட்டில் ஒரு வரி விடுபட்டால், உரிமையில் அத்தனை பங்கு விடுபட்டுப் போகிறது. பட்டாளத்தில் ரிசர்வ் சேவையும் தொண்டர் படைச் சேவையும் செய்தவர்களுடைய சரித்திரத்தைப் பார்த்தால், இவ்வுண்மை உள்ளங்கை நெல்லிக்கனி போல் விளங்கும்.

துண்டு துண்டான சேவை

பட்டாளத்துச் சேவை இருவகைப்படும். முழுநேரச் சிப்பாய் ஒரு தேதியில் சேர்கிறான். ஒரு தேதியில் விலகுகிறான். இரண்டு தேதிகளும் தெரிந்தால் அவனுடைய கணக்கு முடிந்தது. ரிசர்வ் சிப்பாயின் கதை வேறு. அவன் பகலெல்லாம் கடையிலோ ஆபீசிலோ தோட்டத்திலோ தன் பிழைப்பைப் பார்க்கிறான். மாலையில் சீருடை அணிந்து கவாத்துக்குப் போகிறான். வருஷத்தில் சில நாட்கள் முகாமில் தங்குகிறான். யுத்தம் வந்தால் அழைத்த இடத்துக்குச் செல்கிறான். அவனுடைய சேவை, ஒரு மாலை இங்கே, இரண்டு வாரம் அங்கே என்று சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பது ஏடு ஒன்றே.

தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரருக்கும் நாட்கூலிக்காரருக்கும் உள்ள வேற்றுமை இதுவே. மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் 1896-ம் ஆண்டு டான் சே யான் ரப்பர் பயிரிட்டது முதல், இந்நாட்டுத் தோட்டத் தொழில் நாட்கணக்கின் மீதே நடந்து வந்திருக்கிறது. விடியற்காலையில் நாம் ‘பெரட்டு’ என்று சொல்கிறோமே, அச்சொல்லே பட்டாளத்து அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். இரண்டிடத்திலும் ஒரே காரியம் நடக்கிறது. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பெயர் கூப்பிடுகிறார். வந்தவனுடைய பெயருக்கு நேராகச் செக்ரோலில் ஒரு குறி விழுகிறது. அக்குறி விழாவிட்டால், அன்று அவன் வெட்டிய மரங்கள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

இப்படிச் சிதறிய நாட்களை முறையாக எண்ணுவதற்கு அமெரிக்கர் ஓர் ஏற்பாடு செய்தனர். 1948-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டில் நிறைவேறிய ஒரு சட்டம், ரிசர்வ் சிப்பாய்களுக்கும் ஓய்வூதியம் உண்டென்று விதித்து, அதைப் புள்ளிகளால் அளந்தது. ஒரு கவாத்துக்கு ஒரு புள்ளி. முழுநேரச் சேவையில் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. படையில் அங்கத்தினனாக இருப்பதற்கே வருஷத்துக்கு 15 புள்ளி. சாதாரணமாக ஒருவன் வருஷத்தில் 48 கவாத்துகளும் 15 நாள் முகாமும் முடித்தால், அங்கத்தினப் புள்ளிகளையும் சேர்த்து 78 புள்ளிகள் பெறுவான். ஒரு வருஷத்தில் 50 புள்ளிகளாவது இருந்தால்தான் அந்த வருஷம் ஓய்வூதியத்துக்குரிய வருஷமாகக் கொள்ளப்படும். அத்தகைய வருஷங்கள் 20 சேர்ந்தால், பொதுவாக 60-வது வயதில் பணம் வரத் தொடங்கும். எவ்வளவு பணம் என்பதோ, மொத்தப் புள்ளிகளை 360-ஆல் வகுத்து, எத்தனை வருஷ முழுச் சேவைக்கு ஒப்பாகிறது என்று பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது.

இதில் ஒளிந்திருக்கும் அபாயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருவன் உண்மையில் 50 புள்ளிகளுக்குரிய வேலையைச் செய்திருக்கிறான். ஒரு மாலைக் கவாத்தைக் குறித்த தாள் மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏட்டில் 49 என்று விழுகிறது. ஒரு மாலை விடுபட்டதால் ஒரு வருஷமே தகுதியிழக்கிறது. அது அவனுடைய இருபதாவது வருஷமாக இருந்தால், மற்ற 19 வருஷங்களும் அவ்வொரு மாலைக்காக வாசலில் காத்து நிற்கின்றன.

ஆகவேதான் திருத்துவதற்கும் அங்கே வழி வகுத்தார்கள். முதலில் அவனவன் படைப் பிரிவிலேயே முறையிட வேண்டும். அங்கே நியாயம் கிடையாவிட்டால், 1946-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட பதிவுத் திருத்த மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அம்மன்றத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் பட்டாளத்து அதிகாரிகள் அல்லர், சிவில் உத்தியோகஸ்தர்கள். பிழையைக் கண்டறிந்த 3 வருஷங்களுக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. எனினும் நியாயம் வேண்டுமெனில் அத்தவணையைத் தள்ளிவிடவும் மன்றத்துக்கு அதிகாரமுண்டு. விண்ணப்பத்தோடு அழைப்பு உத்தரவு, வருகைத் தாள், சம்பளச் சீட்டு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஏடு பிழைபடக் கூடியது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தத் தனி மன்றம் வைத்தது பெரிய சீர்திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

மலாக்காவில் நடந்தது

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். 1854-ம் ஆண்டு சிங்கப்பூரில் முதல் தொண்டர் துப்பாக்கிப் படை அமைந்தது. பிற்காலத்தில், 1922-ல் ஜலசந்திக் குடியேற்ற நாடுகளின் தொண்டர் படைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதில் நான்கு பட்டாளங்கள். முதல் இரண்டும் சிங்கப்பூருக்கு, மூன்றாவது பினாங்குக்கும் வெல்லெஸ்லி மாகாணத்துக்கும், நான்காவது மலாக்காவுக்கு. மலாக்காத் தொண்டர் படை என்று வழங்கியது இந்த நான்காவது பட்டாளமே. கம்பெனிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இத்தொண்டர்கள் பகலில் தத்தம் தொழில்களில் இருந்து கொண்டு, மற்ற நேரத்தில் கவாத்துப் பழகினர்.

1941-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா அவர்கள் வசமாயிற்று. பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. தொண்டர்களில் சிலர் யுத்தக் கைதிகளாயினர். சரணடைவதற்கு முன்னும் பின்னும் ஆசியத் தொண்டர் பலர் சீருடையைக் களைந்து வீடு திரும்பினர். அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. சிங்கப்பூரில் ஜப்பானியர் சீனரை அணி அணியாக நிறுத்திப் பொறுக்கி எடுத்துக் கொன்றபோது, அவர்கள் தேடிய வகையினரில் தொண்டர் படையைச் சேர்ந்தவர்களும் அடங்குவர். அந்நாளில் தொண்டர் படைச் சீட்டு ஒன்று ஒருவனுடைய வீட்டில் அகப்பட்டால், அதுவே அவனுக்கு மரண ஓலை. புத்தியுள்ள எவன் அதைப் பத்திரப்படுத்துவான்? சேவை செய்தவன் உயிர் பிழைப்பதற்காக எந்த அத்தாட்சியை அடுப்பிலிட்டானோ, அதே அத்தாட்சியையே யுத்தம் முடிந்தபின் காரியாலயங்கள் அவனிடம் கேட்டன.

எந்தக் காரியாலயம் என்பதும் ஒரு கேள்வியாயிற்று. அவனைப் படையில் சேர்த்த ஜலசந்திக் குடியேற்ற சர்க்கார் 1946-ம் ஆண்டு ஏப்ரலில் கலைக்கப்பட்டது. அன்றே மலாக்கா மலாயன் யூனியனில் சேர்ந்தது. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு வந்தது. 1957 ஆகஸ்டில் சுதந்திரம். 1963 செப்டம்பரில் மலேசியா. யுத்தத்துக்குப் பின் 18 வருஷங்களில் பெயர்ப் பலகை இத்தனை முறை மாறிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏடுகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தன. சேவையோ ஒரு சர்க்காருக்குச் செய்தது. பதில் சொல்ல வேண்டியதோ வேறொரு சர்க்கார்.

1951-ம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 16-வது பிரிவு, ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து துன்புற்ற நேச நாட்டுப் படையினருக்கு நஷ்டஈடு வழங்க வழி செய்தது. 1950-களில் பிரிட்டனில் ஒரு கைதிக்குக் கிடைத்த தொகை 76 பவுன் சில்லறை. இது ஓய்வூதியம் அன்று. எனினும் ஓய்வூதியத்தைப் போலவே, யார் படையினன் என்று ஏடு சொன்னதோ அவனுக்கே கிடைத்தது. பிறகு அரை நூற்றாண்டு சென்று, 2000-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரிட்டிஷ் சர்க்கார் உயிரோடிருக்கும் பழைய கைதிகளுக்கும், மறைந்தவர்களின் மனைவிமாருக்கும் 10,000 பவுன் வீதம் கொடுப்பதாக அறிவித்தது. குடியேற்ற நாட்டுப் படைகளிலும் இந்திய சேனையிலும் இருந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. 1950-களில் பிரிட்டனின் பொறுப்பில் நஷ்டஈடு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே அது.

இந்த நிபந்தனையைச் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். 1942-ல் பெயர் விழாதவன் 1950-களின் பட்டியலில் ஏறவில்லை. 1950-களின் பட்டியலில் ஏறாதவனுக்கு 2000-ல் கதவு திறக்கவில்லை. முதல் ஏட்டில் நேர்ந்த ஒரு விடுபாடு, இரண்டாவது ஏட்டுக்கும் மூன்றாவது ஏட்டுக்கும் வாரிசாக வந்து சேர்ந்தது. சொத்து மாத்திரந்தான் தலைமுறை தலைமுறையாக இறங்கும் என்று நினைக்கிறோம். பிழையும் அப்படியே இறங்குகிறது.

படையிலேயே சேராமல், தோட்டத்து லயங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட நம்மவர் கதி இதனினும் கொடிது. 1942-43-ல் 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. அதில் மாண்ட நேச நாட்டுக் கைதிகளில் 6,982 பேருடைய கல்லறைகளை இன்றும் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் காணலாம். அக்கைதிகள் தம் தோழர்களின் பெயர்களைக் களவாக எழுதியேனும் காத்தார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு அப்படியொரு பட்டியலும் இல்லை; உடன்படிக்கையின் 16-வது பிரிவில் அவர்களுக்கு இடமும் இல்லை. ஏட்டில் ஏறாமற் போவதன் கடைசிப் படி அதுதான்.

எரிந்த ஏடுகள்

ஏடு தொலைந்தால் என்ன செய்வது என்னும் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. வல்லரசுகளுக்கும் அந்த ஆபத்து நேர்ந்திருக்கிறது. 1940-ம் ஆண்டு செப்டம்பரில் லண்டனில் ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் யுத்த இலாகாவின் கிடங்கு ஒன்று தீப்பற்றிற்று. முதல் உலக யுத்தத்தில் சேவை செய்த பிரிட்டிஷ் சிப்பாய்களுடைய பதிவுகளில் பாதிக்கு மேல் சாம்பலாயின. எஞ்சியவற்றுக்கு ‘எரிந்த தஸ்தாவேஜுகள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பென்ஷன் இலாகாவில் தனியாக இருந்த காகிதங்கள் தப்பின. இரண்டாம் இடத்தில் இருந்த காகிதம் முதலிடத்துச் சாம்பலுக்கு ஈடு செய்தது.

அமெரிக்காவில் 1973-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி, செயின்ட் லூயிஸ் நகரத்துப் பதிவுக் காரியாலயத்தில் தீ மூண்டது. 160 இலட்சத்திலிருந்து 180 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களுடைய கோப்புகளில் நூற்றுக்கு 80 போயின. நகலும் இல்லை; அட்டவணையும் இல்லை. அதனால் அவ்வளவு பேருடைய உரிமையும் எரிந்து போயிற்று என்று சர்க்கார் கைவிரித்ததா? இல்லை. சம்பளப் பட்டியல்கள், வைத்தியக் குறிப்புகள், வேறு இலாகாக்களில் கிடந்த கடிதங்கள் ஆகியவற்றைத் தேடி எடுத்து, ஒவ்வொருவருடைய சேவையையும் மறுபடி கட்டினார்கள். அவ்வேலை இன்னும் நடந்து கொண்டிருக்கிறது.

இதில் நமக்குரிய பாடம் இரண்டு. ஒன்று, சேவையைக் குறிக்கும் ஏடு போனாலும், பணம் கொடுத்த ஏடு சாட்சி சொல்லும். யாருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டதோ, அவன் அன்று அங்கே இருந்தான். ஆகவே சம்பளச் சீட்டைக் குப்பையில் எறிபவன் தன் சாட்சியை எறிகிறான். மற்றொன்று, ஒரே இடத்தில் இருக்கும் காகிதம் இல்லாத காகிதத்துக்கு ஒப்பு.

நிரூபிக்கும் பாரம் யாருக்கு?

இந்தியாவில் ரிசர்வ் படைக்கு 1888-ம் ஆண்டிலேயே தனிச் சட்டம் ஏற்பட்டது. சிப்பாய் சில வருஷங்கள் நேரில் சேவை செய்துவிட்டு ஊருக்குப் போவான். அதன் பின் சில வருஷங்கள் அழைத்தால் வரக் கடமைப்பட்டு ரிசர்வில் இருப்பான். இரண்டும் சேர்ந்து 15 வருஷங்களுக்குக் குறையாமல் இருந்தால், அவனுக்கு ரிசர்வ் ஓய்வூதியம் உண்டென்று சுதந்திர இந்தியாவின் பட்டாள விதிகள் கூறின. கடற்படையிலோ 10 வருஷம் நேர்ச் சேவையும் அதன்மேல் 10 வருஷம் ரிசர்வ் சேவையும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் இருந்தனர். 1976-ம் ஆண்டு சர்க்கார் கொள்கையை மாற்றி, ரிசர்வுக்கு ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அவர்கள் ரிசர்வுக்கு வரமாட்டோம் என்று சொல்லவில்லை, சர்க்கார்தான் அழைக்கவில்லை. ஆயினும் பின்னர், ‘உங்கள் கணக்கில் ரிசர்வ் வருஷங்கள் இல்லையே’ என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு 2016-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. செய்யாத ரிசர்வ் சேவைக்கு ரிசர்வ் ஓய்வூதியம் கேட்க முடியாது. ஆனால் கொள்கை மாற்றத்தால் ரிசர்வில் சேர்க்கப்படாது போனவர்கள், மற்றைத் தகுதிகள் இருந்தால், விசேஷ ஓய்வூதியத்துக்கு உரியவர்கள் என்று கோர்ட்டு விதித்தது. ஏட்டில் உள்ள காலியிடம் யாரால் ஏற்பட்டது என்று கேட்டுப் பார்த்த தீர்ப்பு இது.

மலாயாத் தமிழருக்கு இன்னும் நெருங்கிய வழக்கு இந்திய தேசிய ராணுவத்தாருடையது. 1943-ம் ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின், பட்டாளமே அறியாத தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் பெருந்தொகையாக அதில் சேர்ந்தனர். அந்த அரசாங்கம் 1945-ல் மறைந்தது. சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பிய அதன் நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினர். இந்திய சர்க்கார் 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் ஏற்படுத்தி, 1980-ல் அதை விரிவாக்கியபோது, இந்திய தேசிய ராணுவத்தாரும் அதில் இடம் பெற்றனர். ஆனால் சிறைப் பதிவு வேண்டும். அதில்லையேல் உடன் சிறையிருந்தவர்களின் சான்று வேண்டும். உடன் இருந்தவர்கள் எத்தனை பேர் அத்தனை காலம் உயிரோடிருந்து கையெழுத்திட முடியும்?

இங்கும் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. காலங்கடந்து விண்ணப்பித்தான் என்பதற்காகவே தியாகியைத் திருப்பியனுப்பக் கூடாது என்று 1993-ல் ஒரு தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றத்தை நிரூபிப்பது போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும்படி இம்முதியவர்களைக் கேட்கலாகாது. நடந்திருக்கக்கூடியது எது என்று பரந்த நோக்கோடு பார்த்தால் போதும் என்று 2001-ல் மற்றொரு தீர்ப்பு கூறியது.

சர்க்கார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் பொய்யர் புகுவர். மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லாவில் போராட்டத்தையே காணாதவர்கள் தியாகிகளாகப் பதிவு பெற்று ஓய்வூதியம் வாங்கிய விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பொய்யன் உள்ளே வருவதும் மெய்யன் வெளியே நிற்பதும் ஏட்டின் இரு பிழைகள். ஆனால் இவ்விரண்டும் சமமானவையல்ல. பொய்யனைப் பின்னால் கண்டுபிடித்து நீக்கலாம். கொடுத்ததைத் திரும்ப வசூலிக்கலாம். வெளியே நின்றபடியே இறந்துபோன மெய்யனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? ஏட்டை எழுதியவன் சர்க்கார், வைத்திருந்தவன் சர்க்கார், தொலைத்தவனும் சர்க்கார். அப்படியிருக்க, நிரூபிக்கும் பாரத்தில் ஒரு பாதியையேனும் சர்க்கார் சுமப்பதே நியாயம்.

பெயர் என்னும் தொல்லை

நம்மவருக்கு இதற்கு மேலும் ஒரு தனித் தொல்லை உண்டு. அது பெயர்த் தொல்லை. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள், காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஓர் ஏட்டில் சுப்பிரமணியம், இன்னொன்றில் சுப்ரமணியன், மூன்றாவதில் வெறும் மணியம். 1948-ம் ஆண்டு அவசரகாலத்தில் இந்நாட்டில் அடையாளச் சீட்டு கொடுக்கத் தொடங்கியபோது எழுதப்பட்ட எழுத்து ஒன்று. தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது வேறொன்று. 1951-ம் ஆண்டு அக்டோபரில் ஏற்பட்ட சேமநிதிக்குப் பணம் பிடிக்கத் தொடங்கியபோது, இவ்விரண்டில் ஏதோ ஒன்று அங்கே சென்றது. தோட்டத்துக் கிராணி வேலை பார்ப்பவர் எவரும் அறிவர்: உழைப்பு ஒருவனுடையதாகவும் பணம் இன்னொரு எழுத்துக்குரியதாகவும் போவதற்கு ஓர் எழுத்தின் மாற்றமே போதும்.

அவசரகாலத்தில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காத்த விசேஷப் போலீசார் ஏறத்தாழ 40,000 பேர். 1958-ல் அஸ்கார் வத்தானியா என்னும் தொண்டர் சேனை அமைந்து, இன்றும் நம் இளைஞரும் அதில் சேர்ந்து பயிற்சி பெறுகின்றனர். இவர்கள் செய்வதெல்லாம் நாட்கணக்குச் சேவையே. ஆகவே மேலே சொன்ன சரித்திரம் பழங்கதையாகப் படித்து மூடிவைக்கத் தக்கதன்று.

செய்ய வேண்டியவை சிலவே. படையில் சேரும் நாளிலேயே, அடையாளச் சீட்டில் உள்ள எழுத்தே ஏட்டிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழைப்பு உத்தரவு, முகாம் சீட்டு, அலவன்ஸ் சீட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு நகல் வீட்டிலும் ஒரு நகல் வேறோரிடத்திலும் இருக்க வேண்டும். வருஷம் முடிந்ததும், ஏட்டில் தன் நாட்கள் எத்தனை விழுந்திருக்கின்றன என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். பிழை கண்டால் அந்த மாதமே விண்ணப்பித்து, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். கூட இருந்த தோழர்களின் வாக்குமூலத்தை, அவர்கள் உயிரோடும் ஞாபகத்தோடும் இருக்கும்போதே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். சேமநிதிக் கணக்கையும் இவ்வாறே பார்த்து வர வேண்டும்.

அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் மலாக்கா நகரத்திலும் வாலிபர் சங்கங்கள் பலவுண்டு. திருவிழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் மாலைகளில் மாதம் ஒன்றை, முதியவர்களுடைய பழைய காகிதங்களைப் பார்த்து, வேண்டிய இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு ஒதுக்கினால், அதைவிடச் சிறந்த பொதுத் தொண்டு வேறில்லை. ஆங்கிலமும் மலாயும் எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு மாலையில் செய்யும் உதவி, ஒரு முதியவரின் எஞ்சிய காலத்துக்குச் சோறாகக் கூடும்.

கிடைக்க வேண்டியது கிடையாமற் போனால் நம் மக்கள் ‘தலையெழுத்து’ என்று சொல்லி ஆறுதலடைகின்றனர். அத்தலையெழுத்தை எழுதியவன் பிரமன் என்றும், அதை அழித்தெழுத ஒருவராலும் ஆகாதென்றும் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். தொண்டர் படையின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. அந்த எழுத்தை எழுதியவர் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா. அவர் எழுதியதில் பிழையிருந்தால் திருத்தலாம். அதற்குச் சட்டமுண்டு, மன்றமுண்டு, தீர்ப்புண்டு. காலந்தாழ்த்தாமல் கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.